கழிவு ஹோஸ் வைக்கும் இடத்தில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

ஆர்.வி. என்கிற, படுக்கையும் கழிவறையும் உள்ள பயண வண்டியை வாங்கும்போது படுக்கையைத் தட்டிப் பார்க்கிறோம், ஜன்னலைத் திறந்து மூடுகிறோம். வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் கழிவு ஹோஸை எங்கே வைப்பது என்ற கேள்வி முதல் பயணத்தின் கடைசி நாளில்தான் வருகிறது. கையுறை போட்ட கையில் ஹோஸ் சொட்டிக்கொண்டிருக்கும், பின்னால் நாலு வண்டிகள் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்காக வரிசையில் நிற்கும், நாம் நம் வண்டியையே சுற்றிச் சுற்றி வருவோம். அன்றைக்கு அவசரத்தில் எந்த மூலையில் திணித்தோமோ அதுவே நிரந்தர இடமாகிவிடும். கோளாறுகளும் அங்கிருந்தே தொடங்கும்.

இங்கே பேசுவது வட அமெரிக்க வண்டிகளில் இருக்கும் 3 அங்குல ஹோஸைப் பற்றி. வண்டியின் வடிகால் வாயில் வெளியே நீட்டிய காதுகள் இருக்கும். ஹோஸின் முனையில் அவற்றைக் கவ்வும் கொக்கிகள் இருக்கும். வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் கேசட் கழிவறை (சின்னக் கழிவுப் பெட்டியைக் கையால் உருவி எடுத்துக் கொட்டும் வகை), அங்கே இந்தத் தொல்லையே வேறு மாதிரி.

கையில் வேண்டியவை: தூக்கி எறியும் கையுறை இரண்டு மூன்று ஜோடி, டார்ச், அளவு நாடா, ஒரு வாளி. மேலிருந்து கீழ்வரை படிக்கத் தேவையில்லை. உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹோஸ் வைக்கும் பெட்டியை மாற்றலாமா, குழாயை மாற்றலாமா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் பெரும்பாலான கோளாறுகள், ஹோஸை வடிகால் வாயிலிருந்து கழற்றுகிற அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்தவை. அங்கே விட்டதைப் பெட்டியில் பிடிக்கப் பார்ப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

அறிகுறி: பெட்டியைத் திறந்தாலே நாற்றம் தூக்குகிறது

உடனே வாசனை திரவியம் வாங்க ஓடாதீர்கள். நாற்றம் எதிலிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஹோஸ், எல்போ (கழிவுத் துளையில் சொருகும் வளைந்த துண்டு), அடாப்டர், கையுறை டப்பா என்று உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்து வண்டியிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். காலிப் பெட்டியை மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

காலிப் பெட்டியில் நாற்றம் இல்லையென்றால் குற்றவாளி ஹோஸ்தான். காலிப் பெட்டியும் நாறினால், சொட்டிய தண்ணீரை பெட்டியின் தரை குடித்திருக்கிறது. பல வண்டிகளில் வெளிப்புறப் பெட்டியின் தரையில் கம்பளம் ஒட்டியிருப்பார்கள். அதன் கீழே மரப்பலகை. கம்பளத்தை எவ்வளவு கழுவினாலும் பலகைக்குள் போனது வராது. கம்பளத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, பலகையை நன்றாகக் காயவிட்டு, மேலே விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் போடுவதுதான் வழி. பலகை நகத்தால் அழுத்தினாலே அமுங்குகிறது என்றால் அதையும் மாற்றியாக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு சங்கதி உண்டு. பெட்டியும் சுத்தம், ஹோஸும் சுத்தம், ஆனால் அந்தப் பக்கம் போனாலே நாற்றம். அப்போது வடிகால் வாயின் மூடியைப் பாருங்கள். அதற்குப் பின்னால் உள்ள வால்வு கசிந்து, மூடிக்குள் கழிவு தேங்கி நிற்கலாம். அதைப் பற்றித் தனியாகக் கீழே.

ஹோஸ்தான் என்று தெரிந்துவிட்டால் கை வைக்க வேண்டிய இடம், வடிக்கும் முறை. ஹோஸ் ஒரு வழவழப்பான குழாய் அல்ல. அதன் உட்புறம் முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு சின்னக் கிண்ணம். தரையில் கிடக்கும் ஹோஸில் அடிப்பக்கத்து மடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தண்ணீர் நிற்கும். ஒருமுறை, நன்றாக வடித்துவிட்டேன் என்று நினைத்த 15 அடி ஹோஸைச் சுருக்கி வாளிக்கு மேல் நிறுத்திவைத்தேன். கால் மணி நேரத்தில் வாளியில் ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்கலான நீர் சேர்ந்தது. அதை அப்படியே மூடி போட்டு வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் வைத்தால், காற்றில்லாத ஈரத்தில் பாக்டீரியா தன் வேலையைச் செய்யும். அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்படித்தான் உண்டாகிறது.

ஆகவே வரிசை இது. கழிவறைக் கழிவு சேரும் கருப்புத் தொட்டி முதலில், குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டி பிறகு. சோப்புத் தண்ணீர் ஹோஸை ஓரளவு அலசிக் கொடுக்கும். இரண்டு வால்வையும் மூடுங்கள். ஹோஸை வண்டிப் பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுமுனை தரையிலுள்ள கழிவுத் துளையிலேயே இருக்கட்டும். கழற்றிய முனையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, அலசுவதற்கென்று வைத்திருக்கும் தண்ணீர் ஹோஸால் உள்ளே நீர் விடுங்கள். பிறகு ஹோஸை நீளமாக இழுத்துப் பிடித்தபடியே, தோளிலிருந்து கை மாற்றிக் கை மாற்றி, துளையை நோக்கி மெதுவாக நடங்கள். நீட்டிப் பிடித்தால் மடிப்புகள் விரிந்து தண்ணீர் ஓடும். சுருக்கிவிட்டு வடித்தால் மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தண்ணீரைச் சிறைப்பிடித்துவிடும். ஒருமுறை நடந்தது போதாது. இரண்டாவது முறை நடக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வரிசையில் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

மூடி போடலாமா, திறந்தே வைக்கலாமா என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. என் கட்சி இது: ஓடும் வண்டியில் இரண்டு முனையும் மூடியிருக்க வேண்டும், வண்டி நின்று, நாலு நாளைக்கு நகராது என்றால் மூடியைக் கழற்றி, ஹோஸை நிழலில் ஒரு பக்கம் சரிவாக வைத்துக் காயவிட வேண்டும். ஹோஸ் வைக்கும் பெட்டியோ குழாயோ எதுவானாலும் தாழ்வான இடத்தில் ஒரு துளை, உயரமான இடத்தில் ஒரு துளை, இரண்டிலும் சல்லடை வலை. ஒரே ஒரு துளை மட்டும் போட்டால் தண்ணீர் வடியும், காற்று ஓடாது.

ப்ளீச் பற்றி ஒரு எச்சரிக்கை. சிறுநீர் எச்சம் இருக்கும் ஹோஸுக்குள் ப்ளீச்சை அப்படியே ஊற்றினால், அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரியும். தொட்டிக்குப் போடும் ரசாயனத்தோடும் அதைக் கலக்கக் கூடாது. போதாததற்கு ரப்பர் வளையங்களையும் அது கெடுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும்.

அறிகுறி: ஹோஸ் பம்பருக்குள் போகவில்லை, போனால் வரவில்லை

இழுத்துச் செல்லும் ட்ரெயிலர்களில் பின்பக்கம் 4 அங்குலச் சதுர இரும்புக் குழாயைப் பம்பராக வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். ஹோஸ் வைக்கும் இடம் இதுதான் என்று விற்பவர் கையைக் காட்டுவார். 4 அங்குலம் என்பது வெளி அளவு. தகட்டின் கனம் இரண்டு பக்கமும் போக, உள்ளே 4 அங்குலத்துக்குக் குறைவுதான். வெறும் 3 அங்குல ஹோஸ் தாராளமாகப் போகும். ஆனால் முனையில் உள்ள கொக்கி ஃபிட்டிங் அதைவிடப் பருமன்; பல ஃபிட்டிங்குகள் அந்த வாயிலேயே முட்டிக்கொள்ளும்.

ஹோஸ் வாங்கும் முன் அளவு நாடாவை பம்பரின் உட்புறத்தில், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை அளந்து ஏமாறாதீர்கள். பிறகு ஃபிட்டிங்கின் அகலமான இடத்தை, அதாவது காதோ கொக்கியோ நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை, அளந்து பாருங்கள்.

சிலருக்குப் போகும்போது போய்விடும், வரும்போது மாட்டிக்கொள்ளும். காரணம் உள்ளே டார்ச் அடித்தால் தெரியும். நம்பர் பிளேட்டையோ விளக்கையோ பம்பரில் பிடித்த திருகுகள் உள்பக்கம் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். குழாயின் வெல்டிங் கோடு ஒரு பக்கம் தடித்திருக்கும். அறுத்த விளிம்பில் பிசிறு இருக்கும். திணிக்கும்போது மடிப்புகள் அவற்றின் மேல் வழுக்கிப் போகும். இழுக்கும்போது மடிப்பு திருகில் கொக்கி போட்டுக்கொள்ளும். இந்த நிலையில் பலமாக இழுத்தால் ஹோஸ் கிழியும், அல்லது ஃபிட்டிங் மட்டும் கையோடு வரும். எதிர் மூடியையும் கழற்றி, அந்தப் பக்கமிருந்து ஹோஸைச் சற்றுத் தள்ளி, திருகிலிருந்து விடுவித்து, பிறகு இழுங்கள். வெளியே எடுத்த கையோடு அந்தத் திருகுகளைக் குட்டையானவையாக மாற்றி, விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

ஃபிட்டிங்கைக் கழற்றிவிட்டு ஹோஸை மட்டும் பம்பரில் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால் ஹோஸின் முனை நைந்துவிடும். என் பார்வையில் பம்பர் என்பது ஹோஸ் வைக்கக் கிடைத்த இடம், ஹோஸுக்காகச் செய்த இடமல்ல.

இதற்கு நல்ல மாற்று, வேலிக்கு நடும் 5 அங்குல வினைல் கம்பம். சதுரமானது, உள்ளே வெற்றிடம், துருப்பிடிக்காது, ஃபிட்டிங்கோடு சேர்ந்த ஹோஸ் தடையில்லாமல் போகும். சாதாரணமான 10 அடி ஹோஸைச் சுருக்கினால் 4 அடிக்குள் அடங்கிவிடும், ஆகவே வண்டியின் அகலத்துக்குள்ளேயே ஒரு துண்டுக் கம்பம் போதும். ஒரு முனை நிரந்தரமாக மூடியது, மறுமுனையில் கீல் வைத்த மூடியும் பூட்டும். வண்டிக்கு அடியில் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல், கீழ் பட்டைகளில் துளை போடாதீர்கள். பாரத்தைத் தாங்குவது அவைதான். சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பு இருந்தால் துளையே வேண்டாம். வண்டியின் அடித்தகட்டுக்குள் திருகு ஏற்றாதீர்கள். அதற்கு மேலே தொட்டியும் கம்பியும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக மூடியில் படாத இடமாகவும், புகைக்குழாயிலிருந்து விலகியும், அச்சின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்காமலும் இருக்கட்டும். மூடிப் பக்கம் ஒரு விரல் கனம் தாழ்ந்திருந்தால் மிச்ச நீர் தானே வடியும். கம்பத்தைப் பிடிக்கும் திருகின் கூர்முனை உள்ளே நீட்டினால், பம்பரில் பட்ட பாட்டை இங்கேயும் படுவீர்கள்.

அறிகுறி: பம்பர் மூடி வழியில் காணாமல் போகிறது; பம்பர் துருப்பிடிக்கிறது

இரண்டுக்கும் தீர்வு சின்னது, பேச்சும் சின்னது. பிளாஸ்டிக் மூடி வெயிலில் விறைத்துப் பிடிப்பை இழக்கும்; உள்ளே இருக்கும் ஹோஸ் வில்லைப் போல விரிந்து அதைத் தள்ளும். முதலில் மூடி போகும், பின்னாலேயே ஹோஸ் போகும். எனக்குப் போயிருக்கிறது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவே இல்லை, அடுத்த நிறுத்தத்தில் பம்பர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பின்னால் வந்த யாராவது அதன்மேல் ஏறியிருப்பார்களோ என்பதுதான் அன்று முழுக்க மனதை அரித்தது. மூடியின் குறுக்கே துளையிட்டு ஒரு ஊசிக்கொண்டி போடுங்கள், அல்லது ஒரு வாரால் கட்டுங்கள். ஹோஸைச் சுருக்கிய பிறகு அது விரியாதபடி ஒரு பட்டையால் கட்டி உள்ளே வைத்தால் மூடிக்கு வேலை குறையும்.

இங்கே துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வரும். வெளியே சாயம் குமிழ் விடுகிறது என்றால் உள்ளே நிலைமை முற்றியிருக்கலாம். ஈர ஹோஸை வைப்பதை அன்றே நிறுத்துங்கள், பம்பரின் அடியில் வடிகால் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். அந்தப் பம்பரில் உதிரிச் சக்கரமோ சைக்கிள் தாங்கியோ தொங்கினால், வெல்டிங் மூலைகளை ஒரு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்ற சத்தத்துக்குப் பதில் பொத்தென்று கேட்டால் சுமையை இறக்கிவிட்டு ஒரு வெல்டரைப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

அறிகுறி: போன முறை நன்றாக இருந்த ஹோஸ், எடுத்துப் பார்த்தால் ஒழுகுகிறது

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: இருட்டிய பிறகு, கழுவிக் காய்ந்த ஹோஸை முழு நீளத்துக்கு நீட்டி, ஒரு முனையில் பிரகாசமான டார்ச்சைச் சொருகி, மறுமுனையை மூடுங்கள். ஊசி முனை அளவு ஓட்டையும் நட்சத்திரம் போல மின்னும். நிறம் அடர்ந்த ஹோஸிலும் இது வேலை செய்யும். கண்டுபிடித்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வட்டங்களைப் பாருங்கள். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால், ஃபிட்டிங்கோடு சேரும் இடத்தில் ஹோஸ் கூர்மையாக மடங்கியிருக்கிறது. பெட்டியில் இடம் போதாமல் முனையை வளைத்துத் திணித்தால் இது நடக்கும். நல்ல சேதி என்னவென்றால் இதைச் சரிசெய்யலாம். ஓட்டைக்கு அப்பால் கூர்க்கத்தியால் வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் இருந்தால் அதைக் கட்டரால் நறுக்கி, ஃபிட்டிங்கை மீண்டும் ஏற்றுங்கள். வெந்நீரில் ஒரு நிமிடம் முனையை முக்கினால் இளகிக் கொடுக்கும். திருகி ஏற்றும் வகை என்றால், ஹோஸின் சுருள் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்து அதே போக்கில் திருகுங்கள். நறுக்கிய கம்பியின் முனை உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காகிதம் அதில் சிக்கி அடைக்கும்.

நடுப்பகுதியில், ஒரே பக்கமாக, வரிசையாக ஓட்டைகள் என்றால் உராய்வு. ஹோஸ் பெட்டிக்குள் தளர்வாகக் கிடந்து, வண்டி ஓடும் நேரமெல்லாம் எதன்மேலோ தேய்ந்திருக்கிறது. ஒரே ஒரு நீளக் கிழிசல் என்றால் திருகோ பிசிறோ. ஓட்டையின் விளிம்பு கடித்துக் குதறியது போல இருந்தால் எலி. ஓட்டை என்று தனியாக இல்லாமல், ஒரு பக்கம் முழுக்க நிறம் வெளுத்து, தொட்டால் மாவு போல ஒட்டி, வளைத்தால் வெடிக்கிறது என்றால் அது வெயில். புற ஊதாக் கதிர் பட்டு நைந்துபோன ஹோஸ். ஏணிமேல் கட்டி வைப்பவர்களுக்கும், ஒரே இடத்தில் மாதக்கணக்காக ஹோஸை மாட்டியே வைத்திருப்பவர்களுக்கும் இது வரும்.

நடுவில் வந்த ஓட்டைக்கு டேப் ஒட்டுவது பற்றிக் கேட்பீர்கள். நானும் ஒட்டியிருக்கிறேன். தரையில் கிடக்கும்போது பிடித்தது. சுருக்கி விரித்ததும் மடிப்போடு சேர்ந்து உரிந்துவிட்டது. அன்றைக்கு ஒரு நாள் சமாளிக்க உதவும், அவ்வளவுதான். ஓட்டைக்கு முன்னும் பின்னும் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல துண்டுகளை இணைப்பியால் சேர்க்கலாம். ஒன்றுக்கு மேல் ஓட்டை இருந்தால் ஹோஸை வழியனுப்புவதே மேல். அந்த ஹோஸ் வெடிக்கும்போது உள்ளே ஓடுவது சாதாரணத் தண்ணீர் அல்ல.

அறிகுறி: ஃபிட்டிங் திருக மறுக்கிறது, அல்லது திருகியும் ஒழுகுகிறது

ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். முதல் கேள்வி, வளையம் இருக்கிறதா? பாதி நேரம் அது பெட்டியின் மூலையில் கிடக்கும். ஃபிட்டிங்குகளைக் கொட்டிக் குலுக்கும் பையில் வைத்தால் வளையம் கழன்று விழும், கொக்கியும் உடையும். வளையம் இருந்தால், அதன் பள்ளத்தில் காய்ந்த காகித நார் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு தலைமுடி கனம் போதும், ஒழுகுவதற்கு. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு மூக்குப்பொடி அளவு சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலியம் சார்ந்த கிரீஸ் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும். உப்பிய வளையம்தான் பல நேரம் ஃபிட்டிங் திருக மறுப்பதற்குக் காரணம்.

காதோ கொக்கியோ ஒன்று உடைந்திருந்தால் மீதியில் பூட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிடித்த ஃபிட்டிங், தொட்டி நிறைந்த அழுத்தத்தோடு கழிவு பாயும்போது மறுபக்கம் விலகும்.

அறிகுறி: வடிகால் மூடியைத் திறந்ததும் கொட்டுகிறது

இது வைக்கும் இடத்தின் கோளாறு அல்ல, ஆனால் வைக்கும் இடத்தை நாசமாக்குவது இதுதான். ஹோஸை மாட்ட மூடியைத் திருகினேன், ஒரு லிட்டருக்கு மேல் முழங்கையிலிருந்து காலணி வரை. அந்தக் கையோடு பெட்டியைத் திறந்து, துணியைத் தேடி, அங்கிருந்த எல்லாவற்றையும் தொட்டுத் தொலைத்தேன்.

வால்வு என்பது ஒரு தகடு. இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே போய்வரும். தகடு உட்காரும் பள்ளத்தில் காகிதம் சிக்கினால் முழுதாக மூடாது. தொட்டியை நிறையத் தண்ணீரோடு காலி செய்துகொண்டே வால்வைப் பலமுறை திறந்து மூடினால் பெரும்பாலும் சிக்கியது போய்விடும். போகவில்லை என்றால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. வால்வைக் கழற்றி மாற்ற வேண்டும். அதுவரைக்கும், காதுகளில் திருகி மாட்டும் இரண்டாவது வால்வு ஒன்றை வாயிலேயே பொருத்துங்கள். முதல் வால்வு கசிந்தாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். ஹோஸை அதில் மாட்டிய பிறகே திறக்கலாம். மூடியைக் கழற்றும்போது கீழே வாளி வைப்பது, எத்தனை புது வால்வு போட்டாலும், நான் விடாத பழக்கம்.

அறிகுறி: குடிநீர் ஹோஸும் கழிவு ஹோஸும் ஒரே பெட்டியில்

இதில் அறிகுறி எதுவும் தெரியாது. தெரிகிறபோது வயிறு காட்டிக்கொடுக்கும். குடிநீர் ஹோஸ் பெரும்பாலும் வெள்ளை அல்லது நீலம். கழிவைக் கழுவுவதற்கான ஹோஸ் வேறு நிறத்தில் இருக்கட்டும், தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தே ஆக வேண்டும் என்றால், குடிநீர் ஹோஸை மூடியுள்ள டப்பாவில், இரண்டு முனையையும் ஒன்றோடொன்று திருகி, மேல்தட்டில் வையுங்கள். ஏற்கெனவே ஒட்டி உரசிக் கிடந்திருக்கிறது என்றால் கழுவிப் பார்க்காதீர்கள், புதிது வாங்குங்கள். கழிவுக் கையுறையோடு குடிநீர்க் குழாயைத் திறப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே முகாமில் குடிநீர் ஹோஸை மாட்டுமுன் குழாய் வாயை முதலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: உள்ளே கூடு, புழுக்கை, சிலந்தி

துளைகளில் சல்லடை வலை இல்லை, அல்லது மூடி சரியாக உட்காரவில்லை. மண்கூடு கட்டும் குளவிக்கு இருட்டான, வாய் திறந்த குழாய் என்றால் கொள்ளைப் பிரியம். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். எலிப் புழுக்கை கிடந்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல், நனைத்துத் துடையுங்கள்.

அறிகுறி: குளிரில் ஹோஸ் கம்புபோல விறைக்கிறது

மலிவான வினைல் ஹோஸின் குணம் அது. உறைநிலைக்குக் கீழே அதைச் சுருக்கவோ விரிக்கவோ முயன்றால் மடிப்பில் வெடிக்கும். வெயிலில் கிடத்தி, அல்லது கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கிவிட்டுத் தொடுங்கள். உள்ளே பனிக்கட்டி கடகடவென்று உருண்டால், முன்பு சொன்ன நடை ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தம். உதைத்து உடைக்காதீர்கள், உருக விடுங்கள். குளிர்காலத்திலும் பயணம் போகிறவர் என்றால், குளிரிலும் வளையும் தெர்மோபிளாஸ்டிக் ரப்பர் ஹோஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

அறிகுறி: எல்லாம் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை

இல்லாதது எப்போதும் எல்போதான். உள்ளே ஓடுவது தெரிய வேண்டும் என்று கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்கில் செய்தது, கழிவுத் துளையில் சொருகித் திருகுவது. ஹோஸின் வண்டிப் பக்க முனையைக் கழற்றி, தூக்கி, நடந்து, வடித்து, அலசி, சுருக்கி, மூடி போட்டுப் பூட்டிவிடுவோம். எல்போ மட்டும் தரையில் தலையை நீட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். ஆகவே வண்டியில் ஏறும் முன், கையுறையைக் கழற்றும் முன், ஒரு முறை திரும்பித் தரையைப் பாருங்கள்.